கொடித் தட்டும் ரத்தினசாமியின் கால்களும்

வலது கால் முன்னால் போகும்போது இடது கை முன்னால் போக வேண்டும். நடக்கத் தெரிந்த எல்லாருக்கும் இது தானாக வருகிற விஷயம். ரத்தினசாமிக்கும் வரும், யாரும் மார்ச் செய்யச் சொல்லாத வரைக்கும். சொல்லிவிட்டால் போச்சு, வலது காலோடு வலது கையும் சேர்ந்து கிளம்பிவிடும்.

விஜயநகருக்கு அந்தப் பக்கம் ஓர் ஊதுவத்தி ஃபேக்டரியில் அவர் வாட்ச்மேன். தொண்ணூற்றேழு, சுதந்திரத்தின் ஐம்பதாவது வருஷம். இந்தத் தடவை கொடியேற்றம் பட்டாளத்து முறையில் நடக்க வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். செக்யூரிட்டி ஆபீசர் ஜேக்கப் ரிட்டயர்ட் ஹவில்தார், கேட்க வேண்டுமா? மூன்று வாட்ச்மேன்களைப் பிடித்து, மூன்று வாரம் தினமும் காலைத் தூறலில் நிறுத்தி உயிரை எடுத்தார்.

"யோவ் ரத்தினசாமி, நீ நடக்கறியா, நீச்சலடிக்கறியா?"

கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். கை வீசத் தெரியாதவன் கையில் எதையாவது கொடுத்துவிட்டால் தீர்ந்தது. பூவிதழ் வைத்து மடித்த கொடியைச் சுமக்கிற பித்தளைத் தட்டை ரத்தினசாமியிடம் கொடுத்து நடுவில் நிறுத்தினார். இடப்பக்கம் லிங்கப்பன், வலப்பக்கம் சுரேந்தர். ஒழுங்காகக் கை வீசிய இருவரும் வெறுங்கையோடு நடக்க, உருப்படாத கைக்குக் கொடி கிடைத்தது. லிங்கப்பனுக்கு வயிற்றெரிச்சல்.

சட்டம் சுலபம். கம்பம் வரை நேராகப் பதினாறு தப்படி. கண் கம்பத்தின் உச்சியில் இருக்க வேண்டும். "கீழ பார்த்தே, தட்டு லிங்கப்பனுக்குப் போயிடும்." மற்ற இருவருக்கும் ஒன்றே ஒன்று: தட்டு போகிற இடத்துக்குப் போ.

ரத்தினசாமி தட்டை விடத் தயாராக இல்லை. காரணம் மகள் ரூபா, எட்டாம் வகுப்பு. "யூனிஃபார்மோட ஸ்கூல் பக்கம் வராதீங்கப்பா" என்று போன வருஷம் சொல்லியிருந்தாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. மெதுவாகச் சொன்னாள், அதுதான் வலித்தது. ஒரே ஒரு நாள் இந்த யூனிஃபார்மை அவள் நிமிர்ந்து பார்க்க வேண்டும். குவார்ட்டர்ஸ் ஃபேக்டரிச் சுவரை ஒட்டித்தான். தினமும் வீட்டுக்குப் போய், "இன்னிக்கு நல்லா வந்துச்சு கண்ணு" என்பார். அவள் புத்தகத்திலிருந்து தலையெடுக்காமல் "ஹௌதா?" என்பாள், பள்ளிக்கூடக் கன்னடத்தில் 'அப்படியா' என்று.

பதினைந்தாம் தேதி வந்தது. முதலாளி, விருந்தாளி, தொழிலாளிகள், அவர்கள் குடும்பம் என்று மைதானம் நிறைந்திருந்தது. டிரம் அடித்தது. ஒன்று, இரண்டு என்று மூவரும் பிசகில்லாமல் நடந்தார்கள். பத்தாவது தப்படியில் ரத்தினசாமியின் கண்ணின் கீழோரத்தில் ஏதோ காவியும் பச்சையுமாகத் தெரிந்தது. ரங்கோலி! விடிந்தும் விடியாமலும் ரூபா கலர்ப் பொடி டப்பாவோடு ஓடினது ஞாபகம் வந்தது.

கீழே பார்த்தால் தட்டு போச்சு. பார்க்காமல் போனால் மகள் போட்ட கோலத்தின் மேல் பூட்ஸ். அவர் முடிவெடுப்பதற்குள் கால்கள் இடப்பக்கம் திரும்பிவிட்டன. திரும்பியவை கம்பத்தின் ஓரத்தில் நின்றிருக்கலாம். ஆனால் கையில் பித்தளைத் தட்டு, தட்டில் பூ, வலப்பக்கம் கம்பம். சொந்த ஊர் மார்டள்ளியில், கோயில் சுற்றிப் பழகின கால்கள் வேறென்ன செய்யும்? கம்பத்தை வலம் வந்தன.

தட்டு போகிற இடத்துக்குப் போ என்ற சட்டப்படி மற்ற இருவரும் கூடவே வந்தார்கள். ஜேக்கப் சல்யூட்டில் இருந்ததால் தலையில் அடித்துக்கொள்ளவும் அவருக்கு வழியில்லை. கான்டீனில் சமைக்கிற நஞ்சம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அதைப் பார்த்து நாலைந்து பேர் செருப்பைக் கழற்றினார்கள். இதுதான் பட்டாளத்து முறை போலிருக்கிறது என்று விருந்தாளி கைதட்ட, கூட்டமே தட்டியது. கொடி ஏறி, விரிந்து, பூ கொட்டியது.

"உனக்கு எவன்யா பிரதட்சிணம் சொல்லிக் கொடுத்தான்?" என்று பல்லைக் கடித்தபடி வந்தார் ஜேக்கப். அதற்குள் முதலாளி அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, அடுத்த வருஷமும் இதே மாதிரி சுற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஜேக்கப் திட்டையெல்லாம் விழுங்கிக்கொண்டு போனார்.

ரூபா கம்பத்தடியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள்.

"எதுக்குப்பா சுத்துனீங்க?"

"நீ போட்ட கோலம் கண்ணு. அதைப் போயி எப்படி மிதிக்கறது?"

"இப்பவாச்சும் கீழ பாருங்க."

பார்த்தார். இந்தப் பக்கம் ஒரு மயில், அந்தப் பக்கம் ஒரு மயில். நடுவில் கம்பம் வரைக்கும், மூன்று ஆள் அகலத்துக்கு வெறுந்தரை. இடப்பக்கத்து மயிலின் வாலில் மட்டும் பூட்ஸ் தடம்.

"நேரா பதினாறு தப்படி. பத்தாவதுல ஒரு மூச்சு வாங்குவீங்க. மூணு வாரமா சுவத்து மேல உக்காந்து எண்ணிட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா? அளந்து வழி விட்டுத்தான் போட்டேன்."

ரத்தினசாமி சுவரைத் திரும்பிப் பார்த்தார். மூன்று வாரத்தில் ஒரு நாளாவது சுவர்ப் பக்கம் திரும்பியிருக்கக் கூடாதா? கண்தான் கம்பத்தின் உச்சியில் இருந்ததே.

ரூபாவின் பள்ளிக்கூடத் தோழிகள் இரண்டு பேர் ஓடி வந்தார்கள். "அய்யோ, மயில் வாலை யாருடி மிதிச்சது?" என்று ஒருத்தி கன்னடத்தில் கேட்டாள்.

"எங்கப்பாதான்," என்றாள் ரூபா, மைதானத்துக்கே கேட்கிற மாதிரி. ரத்தினசாமி தொப்பியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றார்.