சீட்டுக்கடியில் ஒரு ஸ்விட்ச்

தனகோடி அந்த ஸ்விட்சை வைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில், தன் குவார்ட்டர்ஸ் வாசலிலேயே. பிக்கப் வண்டியின் டிரைவர் சீட்டைக் கழற்றினான். வண்டியைக் கிளப்புகிற செல்ஃப் மோட்டாருக்குப் போகும் ஒயரை வெட்டினான். நடுவே ஒரு சின்ன ஸ்விட்சைக் கோத்து, கையை விட்டுத் துழாவினால் மட்டும் தட்டுப்படுகிற இடத்தில் மறைத்து வைத்தான். அதை அணைத்துவிட்டால் சாவியைத் திருப்பினாலும் வண்டி கிளம்பாது. சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டுக்கு எலெக்ட்ரீஷியன் அவன். அரை மணி நேர வேலை. சீட்டைத் திரும்ப மாட்டுகிற நேரத்தில் பக்கத்து வீட்டு சிங்காரவேல் வந்தான்.

"என்னாண்ணே பண்ணிக்கினு இருக்கீங்க?"

"சீட்டு ஆடுதுப்பா. முடுக்குறேன்."

ஒற்றை ஆளாய் ஏன் கஷ்டப்படுகிறீர்கள் என்று சீட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டதே சிங்காரவேல்தான். அந்த ஸ்விட்சே அவனை மனதில் வைத்துத்தான். சொல்லவே நாக்குக் கூசுகிறது, ஆனால் அதைச் சொல்லாமல் இந்தக் கதை இல்லை.

அந்தத் தெருவில் ஒரு வழக்கம். கம்பெனி பஸ்ஸில் ஷிப்டுக்குப் போகிறவன் வண்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவான். தெரு குறுகல். குப்பை டிராக்டர் வந்தால் யாராவது வண்டியை நகர்த்தித் தர வேண்டும். தனகோடியின் மனைவி சத்யப்பிரியாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. சிங்காரவேலுக்குத் தெரியும். ஆகவே சாவி அவன் வீட்டில்தான் கிடக்கும். நாலு வருஷமாக ஒரு குறையும் இல்லை.

சுரங்கத்தில் கூட வேலை பார்க்கிற பன்னீர்செல்வம்தான் பற்றவைத்தான். மந்தாரக்குப்பம் பக்கம் ஒரே வாரத்தில் ரெண்டு பிக்கப் காணாமல் போச்சாம், ரெண்டுமே சாவி போட்டுத்தான் எடுத்திருக்கிறார்களாம். "கான்ட்ராக்ட் பையன் கையில சாவியக் குடுத்துட்டு எப்படிய்யா தூக்கம் வருது உனக்கு?" என்றான். சிங்காரவேல் கம்மாபுரம் பக்கத்துக்காரன், கான்ட்ராக்ட் வேலை, இருப்பது மாமனார் பேரில் இருக்கிற குவார்ட்டர்ஸ். தனகோடி பர்மனென்ட். அன்றுவரை அந்த வித்தியாசம் அவன் புத்தியில் ஏறியதில்லை. அன்று ஏறிக்கொண்டது, சனியன். சாவியைக் கொடுக்காமல் நிறுத்தினால் முகத்தில் அடித்த மாதிரி ஆகிவிடுமே! அதனால் சாவியைக் கொடுத்தான். வண்டியை மட்டும் கொடுக்கவில்லை.

நாலாம் நாளே மாட்டிக்கொள்ளப் பார்த்தான்.

"அண்ணே, காலையில டிராக்டர் வந்துச்சு, வண்டி கெளம்பல. வெளக்கெல்லாம் நல்லா எரியுது, செல்ஃப் மட்டும் அடிக்க மாட்டேங்குது. தள்ளித்தான் ஓரங்கட்டுனேன்."

"பேட்டரி வீக்குப்பா. வெளக்குக்குப் பத்தும், செல்ஃபுக்குப் பத்தாது."

எலெக்ட்ரீஷியன் சொன்னால் மறுபேச்சு ஏது? சிங்காரவேல் தன் லீவு நாளில் பேட்டரியைக் கழற்றி, சைக்கிள் கேரியரில் கட்டி, மந்தாரக்குப்பம் கொண்டுபோய் சார்ஜ் ஏற்றி எடுத்துவந்தான். சட்டையில் ஆசிட் பட்டு ஓட்டை. தனகோடி யாரும் பார்க்காமல் சீட்டுக்கடியில் கையை விட்டு ஸ்விட்சைப் போட்டான். வண்டி உறுமியது. "பாத்தீங்களா!" என்று சிரித்தான் சிங்காரவேல். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகாவது அந்த இழவைப் பிடுங்கி எறிந்திருக்கலாம். மறுநாள் விடியற்காலை ஷிப்டுக்குக் கிளம்பும்போது கை தானாகப் போய் ஸ்விட்சை அணைத்தது.

இருபதாம் நாள் பகல் பதினோரு மணி. துணி காயப்போட வீட்டுப் பின்பக்கம் போன சத்யப்பிரியாவைக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. தனகோடி சுரங்கத்துக்குள். ஆம்புலன்ஸ் வேறொரு கேசுக்குப் போயிருந்தது. செகண்ட் ஷிப்டுக்காக வீட்டில் இருந்த சிங்காரவேல் அவளைத் தூக்கிவந்து பிக்கப்பில் உட்காரவைத்துச் சாவியைத் திருப்பினான். செத்தது மாதிரி கிடந்தது வண்டி.

தெருவே சேர்ந்து தள்ளியிருக்கிறது. சிங்காரவேல் மனைவி சந்திரா, எதிர்வீட்டு வீராயி, கையில் கரண்டியோடு ஓடிவந்தவர்கள் எல்லாரும். மெயின் ரோட்டு இறக்கம் வந்த பிறகுதான் கியரில் பிடித்துக் கிளம்பியதாம்.

தனகோடிக்குச் சேதி போய்ச் சேர்ந்து, மேலெல்லாம் கரிப்புழுதியோடு ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தபோது மணி ஒன்றரை. மருந்து ஏறிக்கொண்டிருந்தது. "பொழைச்சுக்குவாங்க" என்றார் டாக்டர். "இன்னும் கொஞ்சம் லேட்டாயிருந்தா சொல்றதுக்கில்ல." அந்தக் கொஞ்சம் நேரம் எங்கே போயிருக்கும் என்று அவனுக்குத் தெரியும். அவளை வைத்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போன தூரத்தை மனசு அடி அடியாக அளந்தது. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் வெளியே வந்தான்.

வேப்பமரத்தடியில் பிக்கப் நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உள்ளே சிங்காரவேல்.

"அண்ணி எப்படி இருக்காங்கண்ணே?"

"பரவால்ல. நீ ஏம்ப்பா இங்க உக்காந்திருக்க?"

"அணைச்சா திரும்பக் கெளம்பாதுண்ணே. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கன்னு சொல்லிட்டா என்ன பண்றது? அதான் ரெண்டு மணி நேரமா ஓடவுட்டுக்கினே இருக்கேன்." பிறகு தலையைக் குனிந்துகொண்டான். "தப்பு எம்மேலதாண்ணே. அன்னிக்கு சரியா சார்ஜ் ஏறுச்சான்னு நின்னு பாக்காம வாங்கியாந்துட்டேன்."

பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்று இருந்தது தனகோடிக்கு. கையை நீட்டிச் சாவியைத் திருப்பி அணைத்தான். சிங்காரவேல் பதறி, "அண்ணே, அண்ணே!" என்றான். தனகோடி குனிந்து, அவன் கால்களுக்கு நடுவே சீட்டுக்கடியில் கையைவிட்டு ஸ்விட்சைத் தட்டி, மறுபடி சாவியைத் திருப்பினான். ஒரே சுற்றில் கிளம்பியது.

சிங்காரவேலும் குனிந்து கையைவிட்டுத் தடவிப் பார்த்தான். வெகுநேரம் தடவினான்.

"எத்தினி நாளாண்ணே இருக்குது?"

"இருபது நாளா."

"அப்ப, நான் பேட்டரி தூக்கிக்கினு போனப்ப?"

"இருந்துச்சு."

"சீட்டு ஆடுதுன்னீங்களே?"

தனகோடி திருட்டுப் பயம் என்று சொல்ல வாயெடுத்தான். சாவி யாரிடம் இருந்தது என்று ரெண்டு பேருக்குமே தெரியுமே, அதை எந்த முகத்தோடு சொல்வது? சிங்காரவேல் இறங்கினான். கன்னத்தில் ஒன்று விடுவான் என்று தனகோடி நின்றான். விட்டிருந்தால் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

அப்போது உள்ளேயிருந்து சந்திரா நொண்டிக்கொண்டு வந்தாள். தள்ளும்போது தார் ரோட்டில் விழுந்ததில் ரெண்டு முழங்காலிலும் கட்டு. வண்டி உறுமுவதைப் பார்த்தவள், "என்னாண்ணே, செல்ஃப் அடிச்சமாதிரி கேட்டுச்சே, சரியாயிடுச்சா? என்னாதான் கோளாறாம்?" என்றாள்.

தனகோடி வாயைத் திறந்தான். அதற்குள் சிங்காரவேல் முந்திக்கொண்டான்.

"பேட்டரிதான்" என்றான், தனகோடியைப் பார்க்காமலே. "அண்ணன் வந்து சரிபண்ணிட்டாரு. நீ வா, போலாம். பஸ்ல போயிக்கலாம்."