ஞாயிற்றுக்கிழமை வீடு

பதினெட்டு வருடம் என்னைப் பிழிந்தெடுத்த சாயப் பட்டறை, புது மெஷின் வந்ததும் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. நாற்பத்தோரு வயதில் வீடு விற்கும் ஆபீஸ் ஒன்றில் வேலை கேட்டுப் போய் நின்றேன். எனக்கு முன்னால் ஐந்து பேர். எல்லோரும் வாயாடிகள்.

முதலாளி மூடியில்லாத பாட்டில் ஒன்றை என் பக்கம் தள்ளினார்.

"இதுல என்னம்மா இருக்கு?"

"தண்ணி."

விழுந்து விழுந்து சிரித்தார். "வேலை உங்களுக்குத்தான்."

கிறுக்கு மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன். வேலை கொடுக்கிற கிறுக்கு, எனக்கென்ன வந்தது?

ரசாயன ஆலைக்குப் பின்னால் கட்டிய வீடுகளை ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் காட்ட வேண்டும் என்பது அவர் சட்டம். ஆலைக்கும் அன்றுதான் லீவு.

என் முதல் கிராக்கி என் தங்கை. அவள் மகளுக்கு இழுப்பு. ஒண்டுக்குடித்தனத்தின் புழுக்கத்தில் பிள்ளை பாதி ராத்திரி உட்கார்ந்தே தூங்கும். நல்ல காற்றுக்காகவே இருந்ததையெல்லாம் விற்றாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டைப் பார்த்ததும் அவளுக்குப் பிடித்துவிட்டது.

"மத்த நாள்ல நாத்தம் வராதே அக்கா? பாப்பாவுக்கு ஆகாது."

நாறுகிற வீட்டைக் கூடப் பிறந்தவள் தலையில் கட்ட மனம் வருமா? புதன்கிழமை நான் மட்டும் போனேன். ஆலை ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு அறையிலும் ஜன்னலைத் திறந்து நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தேன். ஒன்றுமே இல்லை.

"நானே நின்னு பார்த்துட்டேன்டி. தைரியமா வாங்கு."

குடிபோன மூன்றாம் நாள் பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். "வீடு முழுக்க அழுகின முட்டை நாத்தம்" என்று தங்கை போனில் கத்தினாள். நான் முதலாளியிடம் ஓடினேன்.

அவர் பதறவில்லை. அதே பாட்டிலை எடுத்துத் துணியில் கொஞ்சம் ஊற்றி, மேஜையில் காய்ந்திருந்த பெயிண்ட் கறையைத் துடைத்தார். கறை போய்விட்டது.

"தண்ணியில்ல, பெயிண்ட் தின்னரும்மா. அந்த அஞ்சு பேரும் கிட்டக் கொண்டுபோனதுமே மூக்கைப் பொத்திட்டாங்க. சாயப் பட்டறை ஆளுங்களுக்கு மூக்கு செத்துப்போயிருக்கும். நாத்தமில்லைன்னு நீங்க பொய் சொல்லலையே? பொய் சொன்னா மூஞ்சியில தெரிஞ்சிடும், வாங்க வர்றவங்க நம்ப மாட்டாங்க."

பாவி, என் செத்த மூக்கைத்தான் வேலைக்கு எடுத்திருக்கிறான்.

பிள்ளை வீடு திரும்பிய அன்று போனேன். வேறு போக்கிடம் ஏது அவர்களுக்கு? ஜன்னல்களின் இடுக்கில் ஈரத்துணி செருகியிருந்தது. தங்கை முகத்தில் துண்டு. பிள்ளை முகத்தில் கைக்குட்டை, அதற்குமேல் பெரிய கண்கள்.

"பெரியம்மா, நீங்க மட்டும் எப்படி மூக்கைப் பொத்தாம நிக்கிறீங்க?"

உண்மையைச் சொல்லத்தான் வந்திருந்தேன். அந்தக் கண்களைப் பார்த்ததும் என்னையறியாமல் கை மூக்குக்குப் போய்விட்டது.

தங்கை என்னையே பார்த்தாள்.

"இப்ப மட்டும் நாறுதாக்கா?" என்று கேட்டுவிட்டு, கதவைச் சாத்தினாள்.