ஓடெத்தின் சனிக்கிழமை

பதினேழாவது தடவையாகக் கயிற்றைப் பிடித்து இழுத்தார் ஆர்மான். மஞ்சள் பனிவண்டி ஒரு செருமு செருமிவிட்டு அடங்கிப் போனது. அவருக்குத் தோள்பட்டையில் சுளீரென்றது. கொட்டகை முழுக்கப் பெட்ரோல் நாற்றம்.

"கிளம்பித் தொலையேன், சனியனே!" என்று வண்டியின் முன்சறுக்கில் ஓர் உதை விட்டார். உதைத்த கால்தான் வலித்தது.

மணி எட்டு. பத்து மணிக்குக் கோயிலில் அவர் மனைவி ஓடெத்துக்கு அடக்கப் பூசை. பூசை முடிந்ததும் அவள் பெட்டியை ஒரு சறுக்குப் பலகையில் வைத்து, இந்தப் பனிவண்டியின் பின்னால் கட்டி, கல்லறைத் தோட்டத்துக் கல்லறைக்கட்டடம் வரை இழுத்துப்போவதாக ஏற்பாடு. தரை பாறையாக உறைந்து கிடந்தது. சான்-ஒவீத் ஊரில் குளிர்காலத்தில் செத்தவர்கள் எல்லோரும், மே மாதம் மண் இளகும்வரை அந்தக் கட்டடத்துக்குள்தான் காத்திருக்க வேண்டும்.

ஏற்பாடெல்லாம் ஓடெத்தின் சனிக்கிழமைக் கூட்டாளிகளுடையது. வண்டியை யார் ஓட்டுவது என்று பேச்சு வந்தபோது எல்லோர் தலையும் அவர்களில் ஒருவரான யுபேர் பக்கம் திரும்பியது. யாரும் யோசிக்கக்கூட இல்லை. அதைப் பார்த்ததும் ஆர்மானுக்கு வயிறு எரிந்தது.

"என் பெண்டாட்டி. நான்தான் கொண்டுபோவேன்" என்றார். வீறாப்பாகச் சொல்லியாகிவிட்டது. பள்ளிப் பேருந்தை முப்பத்தோரு வருஷம் ஓட்டியவர்தான், ஆனால் ஒரு பனிவண்டியைக் கிளப்பியதில்லை என்பது ஊருக்கே தெரியும்.

இந்த வண்டி 1969இல் செய்தது. பதினோரு குளிர்காலத்துக்கு முன்னால், யாரோ ஒருவருடைய வைக்கோல் கொட்டகையில் கோழி அடைந்து கிடந்ததை ஓடெத் வாங்கி வந்தாள். யுபேர்தான் கூட இருந்து பிரித்து, துடைத்து, பூட்டிக் கொடுத்தார். மர அறுவை ஆலையில் வேலை பார்த்த மனிதர். கல்யாணம் காட்சி எதுவும் கிடையாது. அதற்குப் பிறகு குளிர்காலம் வந்தால் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஐந்து பேர், ஐந்து பழைய வண்டி. புகை கக்கிக்கொண்டு ஏரியைக் கடந்து அந்தப் பக்கத்துக் குடிலுக்குப் போவார்கள். எஞ்சின் சூட்டில் சுட வைத்த இறைச்சி அடையைத் தின்பார்கள். யாருடைய வண்டியாவது வழியில் படுத்துக்கொள்ளும். அதைச் சுற்றி நின்று சிரிப்பார்கள். ஆரம்பத்தில் ஓடெத் அவரையும் கூப்பிட்டாள். "ஓட்டை உடைசலைத் தள்ளிக்கிட்டு வர எனக்கென்ன கிறுக்கா?" என்றார். மூன்றாவது வருஷத்துக்குப் பிறகு அவள் கூப்பிடவில்லை.

சாயங்காலம் கன்னம் சிவக்கத் திரும்பி வருவாள். வாசலில் நிற்கும்போது அவள் முகத்தில் மிச்சச் சிரிப்பு ஒட்டியிருக்கும். உள்ளே வந்ததும் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டுவாள். சிரிப்பையும் சேர்த்து மாட்டிவிடுகிறாள் என்று ஆர்மானுக்குத் தோன்றும்.

பதினெட்டாவது தடவை இழுக்கக் குனிந்தபோது கொட்டகை வாசலில் நிழல் தட்டியது.

"விடுப்பா ஆர்மான். எஞ்சினுக்குள்ள பெட்ரோல் ஏறிப் போயிருக்கும்" என்றார் யுபேர். "தெருமுனை வரைக்கும் வாடை அடிக்குது."

"உன்னை யார் கூப்பிட்டா?"

"யாரும் கூப்பிடலை." யுபேர் உள்ளே வந்து முட்டி போட்டு உட்கார்ந்தார். எஞ்சினிலிருந்து ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றினார்; நனைந்திருந்தது. தன் கோட்டைத் திறந்து சட்டைப் பையிலிருந்து வேறொரு ப்ளக்கை எடுத்தார். "இதுக்குக் குளிர்ந்த ப்ளக் ஆகாது. சூடா இருக்கணும். ஓடெத் அடுப்பு மேல வெச்சு எடுத்துட்டு வருவா."

அடுப்பு மேல் சனிக்கிழமைதோறும் அந்த இரும்புத் துண்டைப் பார்த்திருக்கிறார் ஆர்மான். எதற்கு என்று ஒரு நாளும் கேட்டதில்லை. இந்த ஆள் அதை மார்புச் சூட்டில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறான் பார், என்று பல்லைக் கடித்தார்.

யுபேர் ப்ளக்கை முடுக்கினார். ஆனால் கயிற்றைத் தொடவில்லை. முட்டியிட்டபடியே இருந்தார்.

ஆர்மான் ஒரு வாரமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டுவிட்டார். "கடைசியா அவ என்ன சொன்னா?"

அவருக்குத் தெரிந்தாக வேண்டும். அவள் சாவதற்கு இரண்டு நாள் முன்பு, வியாழக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் ஓடெத் யுபேரோடு தொலைபேசியில் கார்புரேட்டரைப் பற்றி அரை மணி நேரம் சிரித்துச் சிரித்துப் பேசினாள். மேசைக்கு வந்ததும் ஆர்மான், "பேசாம அந்த ஆள் வீட்டுலயே போய் இருந்துக்கோயேன்" என்றார். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். எழுந்து போனாள். வெள்ளிக்கிழமை முழுக்க ஒரு வார்த்தை இல்லை. சனிக்கிழமை காலை படுக்கையறை வாசலில் வந்து நின்றாள். அவர் விழித்துத்தான் இருந்தார். கண்ணைத் திறக்கவில்லை. நிற்கட்டும் என்று கிடந்தார். கொஞ்ச நேரத்தில் படியிறங்கும் சத்தம், கொட்டகைக் கதவு, மூன்றாவது இழுப்பில் எஞ்சின். மத்தியானம் குடிலில் அவள் நெஞ்சு நின்றுபோனது. கோபத்தோடு போனாளா, ஆறிப் போனாளா?

யுபேர் கையைத் துணியில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"நல்லாத்தான் இருந்தாப்பா. வழியெல்லாம் சிரிப்புதான். குடில்ல உட்கார்ந்ததும் உன் பேச்சுதான் வந்தது. 'எங்க ஆளு இந்நேரம் பட்டாணி சூப்பைச் சுடவைக்காம சட்டியோட குடிச்சிருப்பாரு'ன்னா. சொல்லிட்டுச் சிரிச்சா. அவ்வளவுதான்."

 சனிக்கிழமை என்றால் ஆர்மான் வீட்டில் பட்டாணி சூப் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் போன வாரம் ஓடெத் சூப் வைக்கவில்லை. கோபத்தில் அடுப்பையே பற்றவைக்கவில்லை. அவர் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றார்.

ஆக, இவன் பொய் சொல்கிறான். ஆறுதலுக்காகச் சொல்கிறான். அவள் என்னைப் பற்றி ஒரு பேச்சும் பேசவில்லை. இவர்களோடு சிரித்திருக்கிறாள், சிரித்துக்கொண்டே செத்தும் போயிருக்கிறாள். அந்தச் சிரிப்பையெல்லாம் இவன் வாங்கி வைத்துக்கொண்டு, போனால் போகிறது என்று ஒரு சட்டி சூப்பை எனக்கு ஊற்றுகிறான்! 

"காலைல எப்படி இருந்தா?" என்று கேட்டார் யுபேர். தரையைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டார். "வீட்டுல இருந்து கிளம்பும்போது?"

கேட்ட குரலில் ஒரு பசி இருந்தது. அதை ஆர்மான் கண்டுகொண்டார். சரியான இடம்தான், நன்றாகக் கொடுக்கலாம் என்று நினைத்தார்.

"காலைலயா? ஐயோ, அதை ஏன் கேக்குற! எனக்கு முன்னாடியே எழுந்து அப்பம் சுட்டா. மேப்பிள் பாகு ஊத்தி, என் தட்டுல மூணு வெச்சா. பாட்டு வேற. எதிர்ல உட்கார்ந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டா. 'இன்னிக்குப் போகவே பிடிக்கலை ஆர்மான், உன்கூடவே இருந்துடலாமான்னு இருக்கு'ன்னா. நான்தான், போயிட்டு வா, அவங்க காத்துக்கிட்டு இருப்பாங்கன்னு அனுப்பினேன். வாசல்ல முத்தம் கொடுத்துட்டுப் போனா."

யுபேர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. ஆர்மானுக்கு அது குளுகுளுவென்று இருந்தது.

"அப்படியா" என்றார் யுபேர். எழுந்து ஒரே இழுப்பில் வண்டியைக் கிளப்பினார்.

பூசையில் சாமியார் என்ன சொன்னார் என்று ஆர்மானுக்குக் காதில் ஏறவில்லை. வெளியே வந்தபோது குளிர் மூக்கைப் பிடுங்கியது. பழைய வண்டிகள் நான்கும் வரிசையாகப் புகைந்துகொண்டிருந்தன. மஞ்சள் வண்டியின் பின்னால் பெட்டியைக் கட்டியிருந்தார்கள். ஆர்மான் விறைப்பாக அதன் அருகே போனார்.

ஃபெர்னாந்த் தன் வண்டியிலிருந்து கத்தினாள். ஓடெத்தின் பள்ளிக்காலத் தோழி; சாவு வீடானாலும் வாய் சும்மா இருக்காது. "ஆர்மான்! பிரேக் எந்தக் கைன்னு தெரியுமா? இறக்கத்துல பெட்டி உன்னைத் தள்ளிக்கிட்டுப் போயிடும். ஓடெத் ஜெயிச்சுடுவா, பார்த்துக்கோ!"

ஆளாளுக்குச் சிரித்தார்கள், அழுதுகொண்டே சிரித்தார்கள். பெட்டிக்குப் பொறுப்பான ஆள் மட்டும் சிரிக்கவில்லை. "ஐயா, ஓட்டத் தெரிஞ்சவங்க ஓட்டினாத்தான் நான் வண்டியை விடுவேன்" என்றார்.

ஆகவே யுபேர் முன்னால் உட்கார்ந்தார். ஆர்மான் பின்னால். பள்ளத்தில் வண்டி குலுங்கியபோது வேறு வழியில்லாமல் யுபேரின் இடுப்பைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. எழுபத்தொரு வயதில் இது வேறு எனக்கு, என்று நொந்துகொண்டார். யுபேரின் முதுகு குலுங்கியது. சாலை சமமாக வந்த பிறகும் அது குலுங்கிக்கொண்டே இருந்தது.

கல்லறைக்கட்டடத்துக்குள் ஏற்கெனவே மூன்று பெட்டிகள் இருந்தன. ஓடெத்தை இடப்பக்கத் தட்டில் வைத்தார்கள். சாமியார் தண்ணீர் தெளித்தார். தெளித்தது பெட்டியின் மேலேயே உறைந்தது. எல்லோரும் மண்டபத்துக்குச் சாப்பிடப் போனார்கள். காவல்காரர் பூட்டோடு வாசலில் ஒதுங்கி நின்றார். யுபேர் மட்டும் போகவில்லை. வெளியே வண்டி உறுமிக்கொண்டே நின்றது.

"ஆர்மான், ஒண்ணு சொல்லணும்" என்றார். "அந்த சூப்பு விஷயம் பொய்ப்பா."

"தெரியும்."

"அவ சிரிக்கவும் இல்லை. அன்னிக்குப் பூரா வாயையே திறக்கலை. குடில்ல எங்ககூட உட்காராம, ஜன்னல் பக்கத்துல தனியா உட்கார்ந்திருந்தா. அடையைத் தொடலை. 'நான் இப்பவே வீட்டுக்குப் போறேன்'னு எழுந்தா. கையுறையை மாட்டிட்டு இருக்கும்போதுதான்..." யுபேர் நிறுத்தினார். "உங்களுக்குள்ள சண்டையோன்னு நினைச்சேன். வியாழக்கிழமை நான் போன்ல அவ்வளவு நேரம் பேசினேனே, அதனால இருக்குமோன்னு. ஒரு வாரமா தூங்கலை. என்னாலதான் மனசு நொந்து போயிட்டாளோன்னு. உன்கிட்ட எப்படிச் சொல்றது? அதான் சூப்புன்னேன். ஆனா காலைல நீ சொன்ன பிறகுதான்..." மூக்கைக் கையுறையால் துடைத்தார். "பாட்டுப் பாடி, முத்தம் கொடுத்துட்டு வந்தவ. அப்போ உடம்புக்குத்தான் முடியலை. வேற ஒண்ணும் இல்லை. இல்லையா?"

ஆர்மானுக்கு முதலில் வந்தது சந்தோஷம். அசிங்கமான சந்தோஷம்தான், ஆனாலும் வந்தது. அவள் இவர்களோடு இருக்கவில்லை. அந்த ஜன்னலோரத்தில், ஏரிக்கு அந்தப் பக்கத்தில், மனசளவில் ஆர்மானோடுதான் இருந்திருக்கிறாள். வீட்டுக்கு வரத்தான் எழுந்திருக்கிறாள். அடுத்த கணம் பெட்டி வைத்திருந்த தட்டைப் பிடித்துக்கொண்டார். வாசலில் வந்து நின்றவளை ஒரு கண்ணைத் திறந்து பார்த்திருந்தால் போதுமே! ஒரு கண்ணை!

யுபேர் இன்னும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால் இந்த மனுஷன் இனித் தூங்கமாட்டான். சொல்லலாம். இது காலையில் தெரிந்திருந்தால் சந்தோஷமாகச் சொல்லியிருப்பார்.

"இல்லை" என்றார் ஆர்மான். "சண்டையெல்லாம் இல்லை. நல்லாத்தான் கிளம்பினா."

"என்ன பாட்டு பாடினா?"

"அது... ஏதோ பழைய பாட்டு. எனக்குப் பேர் தெரியாது."

யுபேர் தலையாட்டினார். பலமுறை ஆட்டினார்.

"அந்த எஞ்சினை நிறுத்து" என்றார் ஆர்மான்.

"நிறுத்தினா மறுபடி கிளம்பாதுப்பா. இன்னிக்கு அதுக்கு மூடே சரியில்லை."

"பரவாயில்லை, நிறுத்து. அவகூடக் கொஞ்ச நேரம் இருந்துட்டு வரேன்."

யுபேர் வெளியே போனார். சத்தம் நின்றது. காவல்காரர் கதவை ஒருக்களித்துச் சாத்தினார். கால்மணி நேரம் கழித்து ஆர்மான் வெளியே வந்தபோது கண்ணிமை இரண்டும் உறைந்து ஒட்டியிருந்தன. விரலால் தேய்த்துப் பிரித்துக்கொண்டார். காவல்காரர் கதவைப் பூட்டினார்.

யுபேர் கயிற்றை நான்கு தடவை இழுத்துப் பார்த்தார். வண்டி கிளம்பவில்லை.

"விடு" என்று சொல்லிவிட்டு ஆர்மான் பின்னால் போய்க் குனிந்தார். யுபேர் முன்னால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். மேடு வரும்போது நின்று மூச்சு வாங்கினார்கள். பிறகு மறுபடியும் தள்ளினார்கள்.