பூவார் மணலில் பதினோரு சாக்குகள்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். பூவார் கடற்கரையில் ஒரு பெண் டிரோனைத் தரையிறக்குவதைப் பார்த்தேன். அவள் முகம் வாடியிருந்தது. ஏனென்று கேட்கக் கூச்சம். வீட்டுக்கு வந்து காரணத்தை நானே உண்டாக்கினேன். ஜினி என்று பேரும் நான் வைத்ததுதான்.

முதல் வரி: 'கடலோரக் குப்பையைக் கண்டறிவதில் டிரோன்களின் பங்கு அளப்பரிய

(நிறுத்திவிட்டேன். பஞ்சாயத்து நோட்டீஸ் மாதிரி இருந்தது.)

2

ஜினி பாறசாலைக்காரி. வாரம் ஒருமுறை டிரோனைப் பறக்கவிட்டுக் கரையைப் படமெடுப்பாள். குப்பை எங்கே கிடக்கிறது, போட்டது யார் என்று குறித்துப் பஞ்சாயத்துக்கு அனுப்பினால் அள்ளுவதற்கு ஆள் வரும். அந்தத் திங்கட்கிழமை, ஆறு கடலில் சேரும் பொழிமுகத்துக்குப் பக்கத்தில் பதினோரு சாக்குகள் தெரிந்தன. டிரோனைத் தாழ்த்தினாள். பிதுங்கி நின்ற காகிதத் தட்டுகள், ஐஸ்கிரீம் கிண்ணங்கள். சாக்கின்மேல் சிவப்பு எழுத்தில் 'ராபின்சன் கேட்டரிங்'.

ராபின்சன் அவளுடைய அண்ணன். அவள் டிரோன் ஓட்டப் படித்த நாட்களில் அதன் பெட்டியை ஸ்கூட்டரில் வைத்து மைதானம் மைதானமாகக் கொண்டுபோனவன். (டிரோன் தென்னையில் சிக்கியபோது ஏறி எடுத்தவனும் அவன்தான். கதைக்கு இது வேண்டாம். வெட்ட மனம் வரவில்லை.)

3

முதல் பிரதியில் பழியை ஒரு வேலையாள்மேல் போட்டேன். எனக்கு வசதியாக இருந்தது. ஜினி நம்பவில்லை. அந்த வரியை அடித்துவிட்டேன்.

நடந்தது இதுதான். பனச்சமூட்டில் கல்யாணம் முடிந்த அன்று குப்பை வண்டி வரவில்லை. மறுநாள் அம்பூரியில் அடுத்த கல்யாணம். ராபின்சன் தானே ஓட்டிப்போய்க் கடற்கரையில் இறக்கிவிட்டான். ஜினி படத்தைக் காட்டியதும் அவன் மறுக்கவில்லை. பேர் வெளியே வந்தால் சர்ச் சபைக்காரர் யாரும் இனிச் சமையலுக்குக் கூப்பிடமாட்டார்கள் என்றான்.

"மக்கா, அந்த ஒரு படத்த மட்டும் களஞ்சிரு."

"களஞ்சதுனாலதானே அண்ணே இவ்வளவும்."

களைவது என்றால் அங்கே அழிப்பதும்தான், தூக்கி எறிவதும்தான். அவனுக்குச் சிரிப்பு வந்தது. தங்கையின் கண் நிறைந்திருப்பதைக் கண்டதும் அடங்கியது.

4

மறுநாள் காலை ராபின்சன் வண்டியோடு கடற்கரைக்குப் போனான். (நான் அனுப்பவில்லை. எழுதுகிறவர்கள் இப்படிச் சொன்னால் நம்பக்கூடாதுதான். ஆனாலும் நம்புங்கள்.) நாய்கள் சாக்குகளைக் கிழித்திருந்தன. முழங்கால் தண்ணீரில் நின்று, மிதந்த தட்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினான். ஜினி மேலே டிரோனை நிறுத்தி அதையும் படமெடுத்தாள்.

இரண்டு படங்களையும் அனுப்பினாள். படிவத்தில் 'போட்டவர்' என்ற கட்டத்தில் ராபின்சன் என்று எழுதினாள். 'அள்ளியவர்' என்று ஒரு கட்டம் அதில் கிடையாது. அவளே அடியில் ஒன்று சேர்த்து, அதிலும் ராபின்சன் என்று எழுதினாள்.

5

முடிவு மூன்று எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அண்ணன் பேசாமல் போகிறான். ஒன்றில் இருவரும் சாயா குடிக்கிறார்கள். மூன்றாவதில் சபையார் எல்லாரும் கூடி

வேண்டாம். என்னிடம் மிச்சம் இருப்பது கடைசிப் படம் மட்டும். ராபின்சன் நிமிர்ந்து, ஒரு கையை உயர்த்தி, மேலே பார்க்கிறான். வெயிலுக்குக் கண்ணை மறைத்தானா, தங்கைக்குக் கை காட்டினானா? நாற்பது மீட்டர் உயரத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை. நீங்கள் கொஞ்சம் தாழ இறக்கிப் பாருங்கள்.