மகள் போட்ட ஆயுள் கணக்கு

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. சொல்றவங்க சொல்லிட்டுப் போகட்டும். என் மக நகராட்சி சுகாதாரப் பிரிவுல ஆயுள் கணக்குப் போடுறவ. நான் ஆலையில சட்டைக்குக் காலர் தைக்கிறவ. அவ பேசுற நகராட்சிக் கூட்டத்துக்கு அரை நாள் லீவு போட்டுட்டுப் போய், யாரும் கூப்பிடாமலே முன்வரிசையில உட்கார்ந்தேன்.

விஷயம் இதுதான். பக்கத்து ஊரைவிட எங்க சின்ன ஊர்ல சராசரி ஆயுள் ரெண்டு வருஷம் கம்மி. ஆஸ்பத்திரிக்குப் புதுக் கட்டடம் கட்டினா சரியாயிடும்னு நகராட்சித் தலைவர் முடிவே பண்ணிட்டாரு. மக, "முதல்ல ஆலை வாசல்ல நடைமேம்பாலம் கட்டுங்க"ன்னா.

எங்க பஸ் எதிர்ப்பக்கம்தான் நிக்கும். அதை விட்டா வீடு போய்ச் சேர இருட்டிடும். அதனால ஷிஃப்ட் முடிஞ்சதும் எல்லாரும் லாரிக்கு நடுவுல விழுந்தடிச்சு ஓடுவோம். என் மகனும் அப்படி ஓடினவன்தான். வீடு வந்து சேரல. அண்ணன் பேரை எடுத்தா இவ அழுதுடுவாளோன்னு அவ முகத்தையே பார்த்துக்கிட்டு இருந்தேன்.

தலைவர் சிரிச்சாரு. "வருஷத்துக்குப் பத்துப் பேர் அடிபட்டுச் சாகுறாங்க. அதுல ஊரோட ஆயுசு எப்படிம்மா குறையும்?"

"எண்பது வயசுக்காரர் போனா கணக்குல சில வருஷம்தான் சார் போகும். இருபது வயசுப் பையன் போனா அம்பது வருஷத்துக்கு மேல போகுது. நம்ம ஊர்ப் பெரியவங்க பக்கத்து ஊர் மாதிரியே நல்லாத்தான் வாழுறாங்க. விபத்துச் சாவை மட்டும் எடுத்துட்டு மறுபடி கணக்குப் போட்டேன். அந்த ரெண்டு வருஷமும் திரும்பி வந்துடுச்சு."

அண்ணனைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. குரலும் நடுங்கல. எனக்குத்தான் கண்ணு நிறைஞ்சு போச்சு.

ஆஸ்பத்திரி பெரிய டாக்டர் மெதுவா எழுந்தாரு. "அடிபட்டவங்க என்கிட்ட வர்றப்பவே உயிர் இருக்கிறதில்ல. கட்டடம் கட்டி நான் என்ன பண்றது? பாலத்தைக் கட்டுங்க." முதல்ல அவர் கையைத் தூக்கினாரு. அப்புறம் ஒவ்வொருத்தரா தூக்கினாங்க. தலைவரும் கடைசியில தூக்கத்தான் வேண்டியிருந்தது. பக்கத்துல இருந்த அம்மா, "யார் வீட்டுப் பொண்ணு?"ன்னு கேட்டாங்க. கூடமே திரும்பிப் பார்க்கிற மாதிரி, "எங்க வீட்டுப் பொண்ணு"ன்னேன்.

வெளிய வந்ததும் மனசுல அரிச்சுக்கிட்டு இருந்ததைக் கேட்டுட்டேன். "விபத்தை எடுத்துட்டுப் போட்டேன்னியே, அந்தக் கணக்குல உன் அண்ணன்?"

"உயிரோட இருக்கான்மா."

அப்பதான் அவ குரல் உடைஞ்சுது. அவ கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன். ஆலை வாசலுக்கு நடந்து வந்தப்ப எங்க பஸ் எதிர்ப்பக்கம் வந்து நின்னுது. போகட்டும்னு விட்டுட்டு, லாரியெல்லாம் போன பிறகு ரெண்டு பேருமா ரோட்டைக் கடந்தோம்.