ஏழு வருடம் காலியாக இருந்த கூடு

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இது எனக்குத் தோன்றிய கதை அல்ல. பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில், கன்னம் வீங்கியிருந்த பள்ளிப் பேருந்து ஓட்டுநர் ஒருவர் சொன்னது. “எழுதுறதா இருந்தா என்னை ரொம்ப நல்லவளா ஆக்கிடாதீங்க” என்றார் அந்த அம்மாள். முயல்கிறேன்.

2

முதல் தொடக்கம்: மலையில் வசந்தம் மெல்ல மெல்ல—

(வேண்டாம். பனி உருகிய சேற்றில் டயர் சிக்கும் அன்றுதான் அங்கே வசந்தமாம்.)

இரண்டாவது: செங்குத்துப் பாறையின் இடுக்கில் ஒரு கழுகுக்கூடு ஏழு வருடமாகக் காலியாகக் கிடந்தது.

இது தேவலை. அந்தப் பாறையை உடைத்துப் புதுச்சாலை போட வேண்டும். மாத முடிவுக்குள் கழுகு அடைகாக்க உட்கார்ந்துவிட்டால், குஞ்சு பறக்கும்வரை வெடி வைக்கக் கூடாது. வனத்துறையின் நிபந்தனை அது. கூட்டைக் கண்காணிக்கும் வேலையை ஓட்டுநர் தானாகக் கேட்டு வாங்கினார். தினமும் பேருந்தை எடுக்குமுன் எதிர்ச்சரிவில் தொலைநோக்கியோடு நின்றார். மலையாடுகள் குளிர்கால ரோமத்தைப் பாறையில் தேய்த்து உதிர்ப்பதைக்கூடக் குறித்துவைத்தார்.

வெடி வைக்கும் மேஸ்திரி அவருடைய சொந்தத் தம்பி.

(இங்கே பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம். பறவைப் பித்து பிடித்தவர் பறவை பக்கம்தானே சாய்வார்? கேட்டேவிட்டேன். “பழைய ரோட்டுல பனி சரியுதுங்க. இருபத்திரண்டு பிள்ளைங்களை அதுலதான் ஏத்திட்டுப் போறேன். கழுகு வந்துடக் கூடாதுன்னுதான் நானும் வேண்டிக்கிட்டேன்.” பிறகு ஏன் அந்த வேலை? “வேற ஆளுன்னா சரியா பார்க்க மாட்டாங்க.”)

3

கெடுவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது கழுகு உட்கார்ந்தது. தம்பிக்குப் போன் பறந்தது. மூச்சிரைக்க ஏறி வந்தான்.

“சும்மா இளைப்பாறுதுக்கா. நாளைக்குப் போயிடும்.”

“நீயே பாரு.”

தொலைநோக்கியில் குனிந்து பார்த்தான். ஆண் கழுகு வந்து இறங்கியது. பெண் எழுந்து இடம் விட்டது. நடுவில் ஒரு முட்டை. ஆண் தன் கூர்நகங்களை உள்ளே மடக்கிக்கொண்டு அதன்மேல் அமர்ந்தது.

“எப்படி மடக்குது பாத்தியாக்கா!”

“பாத்தேன். வனத்துறை ரிப்போர்ட்டுக்கு ரெண்டு சாட்சி வேணும். கையெழுத்துப் போடு.”

“எனக்கு நானே ஆப்பு வெச்சுக்கணுமா? மூடுபனி, ஒண்ணும் தெரியலன்னு எழுது. யாரு கேக்கப்போறா? உன் பஸ்ஸு அந்தப் பனிச்சரிவுக்கு அடியிலதானே போகுது?”

“போகுது. பொய் எழுதினா ரோடு வரும்டா. ஆனா அதுல என்னால வண்டி ஓட்ட முடியாது.”

தம்பி பல்லால் கையுறையைக் கழற்றினான். கையெழுத்துப் போட்டான்.

(“கண்ணீரோடு” என்று எழுதி அடித்துவிட்டேன். குளிரில் மூக்குதான் ஒழுகியதாம்.)

4

மறுநாளிலிருந்து தம்பியும் அவன் ஆட்களும் விடிந்ததும் பழைய சாலையில் பனியை வெட்டி ஒதுக்கினார்கள். “வெடி வைக்காத மேஸ்திரிக்கு வேற என்ன பொழப்பு?” என்றானாம். ஓட்டுநர் டயர்களுக்குச் சங்கிலி மாட்டினார்.

முடிவு அ: குஞ்சு பறந்தது, சாலையும் வந்தது.

முடிவு ஆ: முட்டை கூமுட்டையானது. ஒரு காலை பனி சரிந்து—

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் துணிவில்லை.)

முட்டையை உங்களிடம் விடுகிறேன். பொரிப்பது உங்கள் பாடு. ஓட்டுநரை மட்டும் தர மாட்டேன். அவர் இப்போது சரிவுக்கு அடியில், இரண்டாம் கியரில் போய்க்கொண்டிருக்கிறார். பேச்சுக் கொடுக்காதீர்கள்.