கும்பிட்ட கை

"கையச் சேக்காதீங்க மாமா!"

வினோதா ஓடிவந்து, பொன்னையாவின் விரல்களிலிருந்த வெள்ளைத் துணியைப் பிடுங்கினாள்.

அப்பா ஆண்டியப்பன் விடியற்காலையில் போய்விட்டார். குளிப்பாட்டி, வேட்டி கட்டி, வாசல் திண்ணையான இஸ்தோப்பில் கிடத்தியாகிவிட்டது. இரு கைகளையும் நெஞ்சில் கூப்பி வைத்துப் பெருவிரல்களைக் கட்டுவதுதான் பாக்கி.

"வெறச்சிரும் புள்ள. அப்புறம் கை மடங்காது."

"கோர்ட்டு முடிவு வரட்டும். அதுவரைக்கும் எங்கப்பா யாரையும் கும்பிட மாட்டாரு."

பொன்னையா எழுந்து சுவரோரம் போய் நின்றார். கதை தோட்டத்து லய வீடுகள் முழுக்கத் தெரிந்ததுதான். தேயிலைத் தொழிற்சாலை மெஷினில் மாட்டி அப்பாவின் வலது கை தோளோடு செத்துப்போனது. அரசாங்க ஆபீஸில் ஊனக் கொடுப்பனவுக்கு எழுதிப்போட்டார். திருவிழாவில் அவர் இரு கைகளையும் தலைக்குமேல் கூப்பி நிற்கும் படத்தை எந்தப் புண்ணியவானோ ஆபீஸில் கொடுத்துவிட்டான். கை நன்றாகத்தான் வேலை செய்கிறது என்று ஆபீஸ் கையை விரித்துவிட்டது.

சாமியை ஒற்றைக் கையால் கும்பிடக் கூடாது என்பார் அப்பா. அதனால் தேர் வரும்போதெல்லாம் வலப்பக்கம் சற்றுப் பின்னால் நின்று, அந்தச் செத்த கையைத் தூக்கிப் பிடிப்பவள் வினோதா. படத்தை வெட்டியவர்கள் அவளையும் சேர்த்து வெட்டிவிட்டார்கள்; முழங்கையடியில் அவள் விரல்கள் மட்டும் மிச்சம். அன்றிலிருந்து 'நடிப்புக்காரன்' என்ற பேச்சு. அப்பா கோயில் பக்கம் போவதையே விட்டுவிட்டார். முழுப் படத்தையும் தேடிப் பிடித்து, ஆபீஸை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போனவள் வினோதாதான். இன்றைக்குத் தீர்ப்பு.

சிக்னல் கிடைப்பது லயத்துக்காரர்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் மட்டும்தான். கொட்டும் தண்ணீருக்குப் பக்கத்தில் போனை ஏந்திக்கொண்டு நின்றாள். போன் அலறியதும் கைதவறி விழப்பார்த்தது.

"ஜெயிச்சிட்டோம் வினோதா!" வக்கீல் சுதர்ஷினி கத்தினாள். "மறுத்தது செல்லாதுன்னு சொல்லிட்டாங்க. முழங்கையத் தாங்குற இன்னொரு கையை ஏன் யாரும் பாக்கலன்னு நீதிபதி தீர்ப்புலயே எழுதியிருக்காரு! அப்பாக்கிட்ட போனைக் குடுங்க, நானே சொல்றேன்."

"நான் சொல்லிர்றேன் மேடம்."

செருப்பைக்கூடப் போடாமல் வீட்டுக்குப் படிகளில் பாய்ந்தாள்.

"ஜெயிச்சிட்டோம்! எங்கப்பா நடிக்கல! கோர்ட்டே சொல்லிருச்சு!"

சாவு மேளத்துக்கு வந்திருந்த தப்பு அடிப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு அடித்தார்கள் பாருங்கள், கூரைத் தகரமெல்லாம் அதிர்ந்தது! யாரோ விசில் அடித்தார்கள். சாவு வீட்டில் விசிலா என்று கேட்க ஆளில்லை. அம்மா நாகலெட்சுமி கணவனின் கன்னத்தைத் தட்டித் தட்டி, "கேட்டீங்களா? கேட்டுச்சா?" என்று சிரித்தாள். கண்ணீர் ஒரு பக்கம் ஓடியது. வினோதாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதை அவரிடம் சொல்ல முடியாததும் தாங்கவில்லை.

"இப்பக் கட்டுங்க மாமா."

அவள் தலைமாட்டுக்குப் போனாள். தேரடியில் செய்வதுபோலவே அப்பாவின் வலது முழங்கையின் கீழ் உள்ளங்கையைக் கொடுத்துத் தூக்கினாள். விறைக்கத் தொடங்கியிருந்த கை முரண்டு பிடித்து, மெதுவாக மேலேறி வந்து மற்றக் கையோடு சேர்ந்தது. பொன்னையா பெருவிரல்களைச் சுற்றி முடிச்சுப் போட்டார்.

"கட்டியாச்சு புள்ள. இனி விழாது. கைய எடு."

வினோதா சரி என்று தலையாட்டினாள். அவள் கை அங்கேயே இருந்தது.